வாடகை வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு தேவையா?

வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டுக்குள் இருக்கும் தம் பொருட்களுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்க முடியும். வீட்டு உரிமையாளர் கட்டடத்துக்கு எடுத்திருக்கும் பாலிசி சுவரையும் கூரையையும்தான் காக்கும். குடியிருப்பவரின் கட்டிலும் பீரோவும் அந்தக் கணக்கில் வராது. இதை அறியாமலேயே பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளில் வாழ்கின்றன.

இழப்பு எவ்வளவு இருக்கும் என்பதைச் சென்னை இரண்டு முறை பார்த்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும், தாழ்வான பகுதிகளின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் வாஷிங் மெஷினின் மோட்டாரும் அடிப்பாகத்தில்தான் இருக்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரி தரையிலேயே இருக்கும். மெத்தை சாக்கடை நீரை உறிஞ்சிவிடும். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஊறி உப்பிப் பிளந்துவிடும். மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கியது. அந்த வாரத்துச் செலவுக்கு அது உதவியது. புது ஃபிரிட்ஜ் வாங்க அது போதாது.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றே. கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம் என்பதால் வாடகைதாரருக்கும் இது பொருந்தும். தீ, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு.

எதற்குக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் ஏமாறுவது திருட்டில்தான். வெள்ளம், தீ போன்ற விபத்து நடந்த 7 நாட்களுக்குள், அதன் விளைவாகப் பொருள் திருடுபோனால் மட்டுமே அடிப்படைப் பாலிசி பணம் தரும். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்துத் திருடினால் பணம் வேண்டுமென்றால், திருட்டுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகைகளையும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கமும் பத்திரங்களும் இதில் அடங்கா. மின்கசிவால் டிவி தானாகக் கருகினால் அந்த டிவிக்கு இழப்பீடு இல்லை.

காப்பீட்டுத் தொகையை முடிவு செய்ய, அறை அறையாகப் போய் ஒவ்வொரு பொருளையும் இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுதிக் கூட்ட வேண்டும். சமையலறைப் பாத்திரங்களும் துணிமணிகளும் அதில் சேர வேண்டும். நடுத்தரக் குடும்பத்தில் கூட்டுத்தொகை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அந்தத் தொகையை ஒரே மாதத்தில் சொந்தப் பணத்திலிருந்து எடுக்க முடியுமா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. ஒரு பாயும் இரண்டு பெட்டிகளுமாக மூன்றாம் மாடியில் தங்கும் இளைஞருக்குக் காப்பீடு அவசியமில்லை. சிறு சேமிப்பே போதும். தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில், தவணையில் வாங்கிய பொருட்களோடு வாழும் குடும்பத்துக்குக் காப்பீடு நிச்சயம் தேவை. பொருட்கள் பாழான பின்னும் தவணை கட்டித்தான் ஆக வேண்டும்.

பாலிசி எடுத்ததும் பொருட்களைப் படம் பிடித்து, பில்களோடு கைபேசிக்கு வெளியேயும் ஒரு பிரதி வைக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை பொருட்களைத் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீடு மாறும்போது பாலிசியிலும் முகவரியை மாற்ற வேண்டும். பாலிசியில் எழுதியிருக்கும் வீட்டில் உள்ள பொருட்களுக்குத்தான் காப்பீடு.