பட்டியல் அகராதியாகும் விதம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

‘அகராதி’ என்று தமிழிலக்கிய மாணவரிடம் சொன்னால் தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று அவர் நினைவுக்கு வரும். கணிப்பொறி மாணவரிடம் அதே சொல்லைச் சொன்னால் பைத்தான் மொழியின் ‘டிக்‌ஷனரி’ நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே இரு சாராரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பட்டியலாகக் கிடந்தவற்றை அகராதியாக மாற்றும் அந்த வேலையை, கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத 1732-ஆம் ஆண்டில், தமிழில் ஒருவர் செம்மையாகச் செய்து காட்டியிருக்கிறார். அவரிடம் போகும் முன், பட்டியலுக்கும் அகராதிக்கும் உள்ள வேற்றுமையைப் பார்த்துவிடுவோம்.

திருவல்லிக்கேணியில் இருப்பவர்களுக்கு மேன்ஷன் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வேலைக்கும் படிப்புக்கும் வெளியூரிலிருந்து வந்த ஆண்கள் தங்கும் இடம். மேலாளர் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியின் மேலும் ஓர் எண், ஆணியில் சாவி. யாராவது வந்து, “தென்காசிக்காரர் ஒருத்தர் இருக்காராமே?” என்று கேட்டால், மேலாளர் பதிவேட்டை எடுத்து முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் கடைசிப் பக்கம் வரை தேட வேண்டியதுதான். இது பட்டியல். வந்தவர், “312-ஆம் நம்பர் ரூம்” என்று கேட்டாலோ மேலாளர் தலையை நிமிர்த்தாமலே, “மூணாவது மாடி, பன்னிரண்டாவது ரூம்” என்று சொல்லிவிடுவார். எண்ணே இடத்தைச் சொல்லிவிடுகிறது. இது அகராதி.

பைத்தான் செய்வதும் இதுதான். நாம் கொடுக்கும் சொல்லை ஆங்கிலத்தில் ‘கீ’ என்கிறார்கள்; மேன்ஷன் பலகையை மனத்தில் வைத்து ‘சாவி’ என்றே நான் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சாவியிலிருந்து ஒரு கணக்குப் போட்டு ஓர் எண்ணை உண்டாக்கி, அந்த எண்ணைக் கொண்டு நினைவகத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கிறது இயந்திரம். இதற்கு ‘ஹாஷ்’ என்று பெயர். பத்துப் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் தேடுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே.

சரி, கையில் இருப்பது பட்டியல்; வேண்டியது அகராதி. எப்படி மாற்றுவது? ஒரு பட்டியலில் பதிவெண்கள், இன்னொன்றில் மதிப்பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். பைத்தானில் ‘ஜிப்’ என்றொரு செயற்கூறு உண்டு. பையின் ஜிப்பை இழுக்கும்போது இரு பக்கத்துப் பற்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அல்லவா? அதுபோலவே, முதற் பதிவெண்ணோடு முதல் மதிப்பெண், இரண்டாவதோடு இரண்டாவது என்று கோத்துக்கொண்டே போகும். கோத்ததை ‘டிக்ட்’ என்பதற்குள் இட்டால் அகராதி ஆயிற்று. ஒரே வரி. எங்கள் செய்முறை வகுப்பில் இதை முதலில் கண்டபோது, இவ்வளவுதானா என்று இருந்தது.

இவ்வளவுதான் இல்லை. ஒரு மாணவர் தேர்வுக்கு வரவில்லை என்று வையுங்கள். பதிவெண் பட்டியலில் அவர் இருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் அவருக்கு இடம் விடவில்லை. அவருக்கு அடுத்தவரின் மதிப்பெண் அவருக்குப் போய்விடும். அங்கிருந்து கடைசி வரை ஒவ்வொருவருக்கும் அவருக்குப் பின்னால் இருப்பவரின் மதிப்பெண். கடைசி ஆளுக்கு ஒன்றுமே இராது. குறைந்த பட்டியல் தீர்ந்தவுடன் ஜிப் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, ‘ஸ்டிரிக்ட்’ என்று ஒரு கட்டளையைச் சேர்த்தால் நீளம் ஒவ்வாதபோது இயந்திரம் முறையிடும். அதையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நீளம் தற்செயலாக ஒத்துவிட்டால் அதுவும் வாய் திறக்காது.

இனி 1732-க்கு வருவோம். பழந்தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன: திவாகரம், பிங்கலம், சூடாமணி. இவை செய்யுளாலான பட்டியல்கள். திவாகரத்தில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகள். ஒரு பொருளுக்குப் பல பெயர்களை அடுக்கிச் சொல்லிக்கொண்டு போவார்கள். மனப்பாடம் செய்தவருக்கு அது பெருஞ்செல்வம். மனப்பாடம் செய்யாதவர், ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதன் பொருளைத் தேடப் புகுந்தால், தென்காசிக்காரரைத் தேடும் மேலாளர் கதைதான். சொல் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும்; பொருள் தெரிந்தால்தான் தொகுதி தெரியும்!

சிதம்பரம் ரேவண சித்தர் 1594-இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்து ஒரு படி முன்னே போயிற்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் என்ற பெஸ்கி பாதிரியார் நிகண்டுகளையே பிரித்து, முழு அகர வரிசையில், உரைநடையில் 1732-இல் சதுரகராதியை அமைத்தார். சதுர் என்றால் நான்கு. பெயரகராதியில் சொல்லைக் கொடுத்தால் பொருள்கள் வரும். பொருளகராதியில் பொருளைக் கொடுத்தால் அதற்குரிய பெயர்கள் வரும். தொகையகராதியில் முக்கனி போன்ற தொகைச் சொல்லைக் கொடுத்தால் மா, பலா, வாழை என்று விரிந்து வரும். தொடையகராதி செய்யுள் எழுதுவோர் எதுகை தேடுவதற்கு.

கணிப்பொறி மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். சொற்செல்வம் ஒன்றுதான், சாவிகள் நான்கு. எதைச் சாவியாக வைப்பது என்பது, யார் எதைத் தேடி வருவார் என்பதைப் பொறுத்தது. ஒரு வரியில் அகராதி செய்யும் நாம், இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

மற்றொன்றும் உண்டு. ‘அரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்குத் திருமால், சிங்கம், குரங்கு, தவளை என்று பல பொருள். பைத்தானில் ‘அரி’ என்ற சாவிக்குத் திருமால் என்று எழுதிவிட்டு, பிறகு அதே சாவிக்குச் சிங்கம் என்று எழுதினால் திருமால் அழிந்துபோவார். அடுத்து தவளை என்று எழுதினால் சிங்கமும் போய்விடும். பார்த்தசாரதி கோயில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, எஞ்சியது தவளை மட்டுமே என்று சொன்னால் நம்மை யார் விடுவார்கள்! ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். கடைசியில் வந்ததே நிற்கும் என்பது பைத்தானின் விதி. ஆகவே மதிப்பாக ஒரு பட்டியலையே வைத்துவிட வேண்டும். ஒரே அறையில் மூவர் தங்குவதில்லையா? ஆணி ஒன்று, ஆட்கள் மூவர். வீரமாமுனிவர் ஒரு சொல்லுக்கு எதிரே பல பொருள்களை அடுக்கியதும் அதுவே.

நம் பேட்டையை அடுத்த சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. எழுத்து ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களை அதில் ஒரே தலைப்பில் போட்டு அடைக்கவில்லை. கதிரை அரிவதைக் குறிக்கும் ‘அரி’யும் திருமாலைக் குறிக்கும் ‘அரி’யும் தனித்தனிப் பதிவுகள்; தலைச்சொல்லின் தோளில் சிறிய எண் இட்டுப் பிரித்திருக்கிறார்கள். நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அந்தச் சிற்றெண்தான் எங்கள் பாடத்தில் வரும் ‘தனித்துவச் சாவி’.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது நான்தான். என் போன்றோர் பலருக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட ஓர் அறக்கட்டளை உதவியது. கொடுத்த பட்டியலில் 40 பெயர். திரும்பி வந்த தாளில் 39. இரு மாணவியருக்கு ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து. பெயரையே சாவியாக வைத்துக் கணக்கெழுதியிருக்கிறார்கள்; இரண்டாமவர் முதலாமவரின் மேல் எழுதப்பட்டுவிட்டார். விடுபட்ட மாணவி கேட்கப் போனபோது, “கம்ப்யூட்டர்ல உங்க பேர் ஒருதடவை வந்திருக்கேம்மா, பணமும் கட்டியாச்சே” என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தப் பெயர் அவருடையது அல்ல. உண்மை தெரிந்து பணம் வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிட, அவர் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே நம் அடையாளம். ஒரு வகுப்பிலேயே இருவர் ஒத்துப்போவது இங்கே அதிசயமா? பதிவெண்ணைச் சாவியாக்கியிருந்தால் போதும். அல்லது பட்டியலின் நீளத்தையும் அகராதியின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலும் போதும். 40-க்கு 39 என்பது ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

தமிழ்ச் சொற்களையே சாவியாக வைப்போருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. யூனிக்கோடு முறையில் ‘கொ’ என்பதை இரு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரத்துக்குரிய ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தானுக்கு அவை வெவ்வேறு சாவிகள்! முன்பு ஒரே பெயரால் இருவர் ஒருவரானார்கள். இங்கே ஒரே ‘கொடி’ இரண்டாகிவிடும். ‘யூனிக்கோடு டேட்டா’ என்ற நிரற்பகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’ என்பதைக் கொண்டு, சாவியாக்கும் முன்பே எல்லாச் சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஔவையாரை ஒகரம், ளகரம் என்று பிரித்துத் தட்டியவரை அது திருத்தாது.

அகர வரிசைக்கும் இதே கதி. வரிசைப்படுத்து என்று பைத்தானிடம் சொன்னால், யூனிக்கோடு எண் வரிசையில் நகரத்தை அடுத்து றன்னகரத்தையும், ரகரத்தை அடுத்து றகரத்தையும் வைத்துவிடும். நம் நெடுங்கணக்கில் அவ்விரண்டும் கடைசி எழுத்துகள் அல்லவா? புள்ளி வைத்த மெய்யை உயிர்மெய்களுக்குப் பின்னால் தள்ளிவிடும். பேரகராதியில் அது முன்னால் வரும். இதற்கும் ஒரு சிறு அகராதி செய்துகொள்ளலாம்: எழுத்து சாவி, நெடுங்கணக்கில் அதன் இடம் மதிப்பு. அந்த மதிப்பை வைத்து வரிசைப்படுத்தினால் வீரமாமுனிவர் வைத்த இடத்தில் சொற்கள் போய் அமரும்.