உங்களுக்குத் தெரியுமா? டர்போ கசிகிறதா, பழி மட்டும் டர்போவுக்கா!

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் ஏறுகிறது உங்கள் டீசல் கார். பானட்டுக்குள், புகையின் விசையில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் குட்டி டர்போ நிமிடத்துக்கு 2,00,000 சுற்று வரை சுற்றக்கூடியது. அதாவது நொடிக்கு 3,333 சுற்று!

அதே மலையடிவாரத்தில் ராட்சதக் குழாய்களில் தேக்கடித் தண்ணீர் இறங்கி, பெரியாறு மின் நிலையத்தை ஓட்டுகிறதே, பார்த்திருப்பீர்கள். நம் 50 சைக்கிள் கரன்ட்டுக்கு எந்த ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டக் கூடாது. உங்கள் கார் டர்போ அதைப் போல 60 மடங்குக்கும் மேல்!

நாலு சென்டிமீட்டர் அகலச் சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 1,500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஒலியே தோற்றுவிடும்!

இத்தனை வேகத்துக்கும் உள்ளே பால் பேரிங் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பாலான டீசல் கார்களில் கிடையாது! சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்ட் முழுக்க முழுக்க ஆயிலில் மிதக்கிறது. ஓடும்போது இரும்போடு இரும்பு தொடுவதே இல்லை!

டர்போவுக்குக் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி. வருடம் 1905. முல்லைப் பெரியாறு அணை திறந்து பத்தே வருடம்!

1918-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமேல் ஒரு விமான இன்ஜினைத் தூக்கிப்போய் ஓட்டிப் பார்த்தார்கள். தரையில் 350 குதிரைத்திறன். 4,300 மீட்டர் உயரத்தில் வெறும் 230. டர்போவை மாட்டினார்கள். 356! மலை உச்சியில் தரையைவிட அதிகம்!

குமுளி கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. ஆள் நிறைந்த ஜீப் திணறாமல் ஏறுகிறதென்றால் புண்ணியம் டர்போவுக்குத்தான்!

டர்போ வைத்த முதல் டீசல் கார் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி. 1978-ல் வந்தது. சிலிண்டர் நாலு இல்லை, ஆறு இல்லை. ஐந்து!

சரி, இனிதான் விஷயமே. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றுகிறீர்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. "டர்போ போச்சு சார்" என்கிறாரா மெக்கானிக்? பதறாதீர்கள்! லேசான ஈரம் நல்ல வண்டியிலும் இருக்கும். இன்ஜினுக்குள் இருந்து பிரீதர் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி அது. டர்போ பாவம், குற்றவாளியே இல்லை!

எது குற்றம்? ஹோஸைச் சாய்த்தால் ஆயில் ஒழுகி ஊற்றினால், அது குற்றம்!

டர்போ ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் இல்லவே இல்லை, தெரியுமா! எக்சாஸ்ட் பக்கம் 700 டிகிரியைத் தாண்டும் சூட்டில் எந்த ரப்பர் தாங்கும்? சின்னக் காது வளையம் அளவுக்கு இரும்பு வளையங்கள்தான் காவல். அவையும் தனியாகத் தடுப்பதில்லை. சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் காற்றழுத்தம்தான் ஆயிலை உள்ளே தள்ளி நிறுத்துகிறது. காற்றே சீல்!

அதனால்தான் இந்த அதிசயம். டர்போவில் ஒரு பழுதும் இல்லாமலே டர்போ கசியும்!

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் போதும். காற்று கிடைக்காத டர்போ ஆயிலை உறிஞ்சி இழுக்கும். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றும் புழுதியும் உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சீசன் முடிந்ததும் முதலில் ஃபில்டர் டப்பாவைத் திறந்து அடைப்பை நீக்குங்கள். கசிவு நிற்கிறதா, பாருங்கள்!

பிரீதர் அடைத்தாலும் கசியும். டர்போவுக்கு ஆயில் பிரஷரோடு வருகிறது. திரும்பிப் போகும்போது பிரஷர் கிடையாது. சும்மா சொட்டித்தான் இன்ஜின் அடியில் இருக்கும் சம்ப்புக்கு இறங்க வேண்டும். கீழே இன்ஜினுக்குள் காற்று அடைத்து நின்றால் ஆயில் எங்கே போகும்? வளையத்தைத் தாண்டி வெளியே!

உள்ளே போகும் பைப் ஒல்லி, வெளியே வரும் பைப் குண்டு. கவனித்திருக்கிறீர்களா? ஷாஃப்ட் கடைந்த கடைசலில் ஆயில் நுரைத்துப் போய்த்தான் இறங்குகிறது. அந்தக் குண்டு பைப் ஒரு இடத்தில் நசுங்கினால் போதும், கசிவு உறுதி!

இதை நம்பவே மாட்டீர்கள். ஆயில் குறைந்தால் மட்டும் இல்லை, கூடினாலும் டர்போ கசியும்! அளவுக்கு மேல் ஊற்றினால் சம்ப் நிரம்பி, திரும்பும் வழியையே ஆயில் மறித்துவிடும்.

ஊற்றாமலே ஆயில் கூடும் வண்டிகளும் உண்டு! புகை வடிகட்டி வைத்த பல பிஎஸ்6 டீசல்களில், அதைச் சுட்டுச் சுத்தம் செய்யும்போது கொஞ்சம் டீசல் சம்ப்புக்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறுகிறதா? சந்தோஷப்படாதீர்கள், உடனே காட்டுங்கள்!

விடிவதற்குள் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். ஆள் சேரும்வரை இன்ஜினை ஆஃப் பண்ணாமல் அரை மணி நிறுத்தினால் டர்போ சோம்பிச் சுற்றும், காவல் காற்று குறையும், ஆயில் மெல்லத் தாண்டும். கிளப்பியதும் நீலமாக ஒரு புகை! அப்புறம் நின்றுவிட்டால் பயமில்லை. ஏற்றம் முழுக்கத் துரத்தினால்தான் பயம்!

புகையின் நிறமே ஜாதகம்! நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, ஹோஸ் கிழிந்து டர்போ காற்று வெளியே போகலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது ரேடியேட்டர் தண்ணீர்.

கிழிந்த ஹோஸ் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்! டார்ச் அடித்து கிளாம்ப் ஓரமாகப் பாருங்கள். ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக, ஈரமாக ஒரு பட்டை. அதைத் துணியால் துடைத்துவிட்டு இரைச்சல் பாலம் வழியாகக் குமுளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். மறுபடி எங்கே முதலில் ஈரம் படிகிறதோ, அங்கேதான் ஓட்டை. செலவு ஒரு கிளாம்ப் அல்லது ஒரு ஹோஸ்!

கசிவு எப்போதும் கீழே போய்த்தான் சொட்டும். மேலே வால்வு கவர் கேஸ்கெட் கசிந்தாலும் ஆயில் டர்போ மேல் வழியும். பழி டர்போவுக்கு! துடைத்துவிட்டு மேலிருந்து கீழே பார்க்கிறவரே நல்ல மெக்கானிக்!

இன்னொரு மெக்கானிக் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுகிறார். லேசாக ஆடுகிறது. "பாருங்க, ஆட்டம்!" ஆடத்தான் வேண்டும்! ஆயில் படலத்துக்கு விட்ட இடம் அது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஆஃப் ஆகியிருக்க வேண்டும், அப்போது பாருங்கள். சக்கரம் கூட்டில் உரசினால் அல்லது முன்னும் பின்னும் கையில் தெரியும்படி நகர்ந்தால்தான் டர்போ கதை முடிந்தது.

  

டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடும், தெரியுமா! டர்போ உடைந்து ஆயில் கொட்டினால் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. கத்திக்கொண்டே வேகம் ஏறும்! கியர் வண்டியா? டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். மூச்சுத் திணறி நின்றுவிடும். பானட்டைத் திறந்து கையால் காற்றுக் குழாயை மூடப் போகாதீர்கள், உயிர் முக்கியம்!

புது டர்போ மாட்டியும் புகைகிறதா? உடனே டர்போ மேல் சந்தேகம் வேண்டாம். பழைய டர்போ கொட்டிய ஆயில் இன்டர்கூலருக்குள் தேங்கிக் கிடக்கலாம். அதைக் கழற்றிக் கழுவாமல் வண்டியைக் கிளப்பவே கூடாது!

மலை ஏறி முடித்ததும் சட்டென்று ஆஃப் பண்ணினால் டர்போவுக்குள் நின்ற ஆயில் கருகிக் கரியாகும். குமுளி செக்போஸ்ட்டில் ஒரு நிமிடம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். ஒரே நிமிடம்தான்!

கடைசியாக, இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. புது டர்போ மாட்டிய கொஞ்ச நாளில் அதுவும் செத்துப்போகிறதே, ஏன்? அந்த ஒல்லி ஆயில் பைப்! உள்ளே கரி படிந்து பாதி அடைத்திருக்கும். கேஸ்கெட்டுக்குப் பதில் தடவிய சிலிகான் பேஸ்ட் துணுக்கும் அங்கே போய்ச் சிக்கும். சில நொடி ஆயில் வராவிட்டால் போதும், புது ஷாஃப்ட் காலி! ஆகவே புது டர்போவுக்குப் பணம் கொடுக்கும் முன் பழைய ஆயில் பைப்பைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, துளையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்!