முற்றுரிமையும் பயனீட்டாளரின் தேர்வும்: மென்பொருள் துறை வழி ஒரு விளக்கம்

மாணவர்களே, ‘முற்றுரிமை’ என்றதும் ‘ஒரே விற்பனையாளர், அதிக விலை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறீங்க. அது பாதி விடைதான்.

ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க. பட்டணம் தூரம். தோட்டத்துக் கடையில் கணக்கில் எழுதிச் சாமான் வாங்குவார்கள். சம்பளத்தில் பாக்கியைக் கட்டியதும் மீண்டும் கடன். விலை பிடிக்காவிட்டாலும் வேறு கடைக்குப் போக முடியாது. முற்றுரிமையின் பலமே இந்தப் பூட்டுதான்.

மென்பொருளில் இது எப்படி? பெரும்பாலோர் விண்டோஸ் வைத்திருந்தால், செயலி எழுதுவோரும் அதற்கே எழுதுவர். செயலிகள் பெருகுவதால் இன்னும் பலர் அதையே வாங்குவர். 1998இல் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. தன் உலாவியை விண்டோஸோடு இணைத்து, போட்டியாளரான நெட்ஸ்கேப்பை ஒடுக்கியது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. உலாவி இலவசம்தானே, யாருக்கு நட்டம்? இங்கதான் கவனிக்கணும்: விலை ஏறவில்லை, தேர்வு சுருங்கியது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டு உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ரத்து செய்தது. ஆனால், முற்றுரிமையைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதிசெய்தது.

ஆசிரியர்களே, நம்ம தமிழுக்கும் இந்தப் பூட்டு இருந்தது. 1990களில் தமிழ் மென்பொருள்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளைப் பயன்படுத்தின. ஒன்றில் தட்டச்சு செய்த கேள்வித்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு என்ற பொதுத்தரம் அதை உடைத்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டினாலும் வேறு மென்பொருளில் தட்டினாலும், யூனிகோடில் எழுதியதை எங்கும் படிக்கலாம். பழைய எழுத்துருவில் கிடக்கும் பயிற்சித்தாள்களை இப்பவே யூனிகோடுக்கு மாத்தி வைங்க. பிறகு திறக்க ஆளிருக்காது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமில்லை. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

விடையை மூன்று கேள்விகளில் அமைக்கலாம்: வேறொன்றுக்கு மாற எவ்வளவு செலவாகும்? நம் கோப்புகளை எடுத்துச் செல்ல முடியுமா? புதிய போட்டியாளர் நுழைய வழியுண்டா? மூன்றுக்கும் சாதகமான பதில் இல்லையென்றால், பொருள் இலவசமாகவே கிடைத்தாலும் பயனீட்டாளருக்குத் தேர்வு இல்லை.