கறுப்பு வெள்ளை வீரனுக்கு என்ன கலர்?

குட்டீஸ்! உங்கள் கலர் பென்சில் டப்பாவைத் திறங்கள். 'ஸ்கின் கலர்' என்று சொல்வோமே, அந்த வெளிர் ரோஸ் நிறப் பென்சிலை எடுத்து உங்கள் கை மேல் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா? வகுப்பில் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

இந்த வாரம் நாம் வண்ணம் தீட்டப் போகும் வீரனுக்கு அந்தப் பென்சில் உதவவே உதவாது. டப்பாவிலேயே போட்டுவிடுங்கள்!

யார் அந்த வீரன்? கவியரசு கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' என்ற படம் 1959-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களின் கதை. அந்தப் படையில் ஒரு சிப்பாயை எடுத்துக் கொள்வோம். தலை, கழுத்து, தோள், மார்பு வரை மட்டும் செய்வதால் இதற்கு மார்பளவுச் சிலை என்று பெயர். வெளிநாடுகளில் சினிமாப் போர்வீரர்களை இப்படிச் சின்னச் சின்னச் சிலைகளாக வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் பூசுவது பெரியவர்களுக்கே ஒரு பொழுதுபோக்கு. நமக்கு எதற்கு விலை கொடுத்து வாங்கும் சிலை? கொலு பொம்மைக்கு ஆகும் களிமண் போதும்.

ஆனால் ஒரு சிக்கல்... 'சிவகங்கைச் சீமை' கறுப்பு வெள்ளைப் படம்! அதே 1959 மே மாதத்தில் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கலர் படம். அதைப் பார்த்து அப்படியே நிறம் தீட்டிவிடலாம். நம் சிப்பாயின் தலைப்பாகையோ வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அது சிவப்பா, கரும்பச்சையா? கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியானால் துப்பறிய வேண்டியதுதான்!

சுவரில் ஒட்டிய அறிக்கை

துப்பறியும் வேலையைத் திருச்சியில் தொடங்கலாம். காரணம் இருக்கிறது. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை ஒன்று திருச்சிக் கோட்டையில், நவாபின் அரண்மனை வாசலில் ஒட்டப்பட்டது. இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயிலின் மதிலில். கம்பெனியின் ஆட்சியை எதிர்த்து எல்லோரும் ஒன்று சேருங்கள் என்று அழைத்த இதைத்தான் 'ஜம்புத்தீவு பிரகடனம்' என்கிறோம். கம்பெனிப் படை இருந்த ஊரிலேயே போய் ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! அன்றைய கோட்டை மதில்கள் போய்விட்டாலும் மெயின்கார்டு கேட் வாசல் இன்றும் நிற்கிறது. அந்த அறிக்கைக்கு நான்கு மாதம் கழித்து, 1801 அக்டோபர் 24 அன்று, மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். (இது சிவகங்கைச் சீமையில் உள்ள திருப்பத்தூர்.)

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போனால் சேஷராயர் மண்டபத்தில் கல்லிலேயே வீரர்கள் இருக்கிறார்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், மேலே வீரர்கள், கீழே ஈட்டியோடு காலாட்கள். ஆனால் இவர்கள் விஜயநகர காலத்தவர்கள். மருதுவின் சிப்பாய்க்கு இருநூறு ஆண்டு மூத்தவர்கள். உடையைக் காப்பி அடித்தால் தப்பாகிவிடும்! அவர்களிடம் கற்க வேண்டியது வேறு ஒன்று. அதற்குப் பிறகு வருவோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் இன்னொரு வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். காக்காப்பொன் என்கிறோமே, அந்த மைக்காத் தகட்டின் மேல் சிப்பாய்கள், பல தொழில் செய்பவர்கள், ஊர்வலங்கள் என்று குட்டிக் குட்டிப் படங்களாக வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட படங்கள் உள்ளன. அவையும் மருது காலத்துக்குப் பிந்தையவைதான். அதனால் அதையும் அப்படியே நம்ப முடியாது.

உருப்படியான துப்பு சாயத்தில் இருக்கிறது! 1801-ல் துணிக்குச் சாயம் செடியிலிருந்து வந்தது. நீலத்துக்கு அவுரி. சிவப்புக்குச் சாயவேர், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இதைத் தோண்டி எடுப்பார்கள். மஞ்சளுக்கு நம் மஞ்சள் கிழங்கு. கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும். வேதியியல் முறையில் செய்த முதல் சாயத்தை பெர்கின் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்ததே 1856-ல்தான். ஆகவே பளீர் ரோஸ், மின்னும் பச்சை எல்லாம் நம் சிப்பாயின் தலைப்பாகைக்குக் கிடையாது. செங்கல் சிவப்பு, மங்கிய நீலம், துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வெள்ளை. இவற்றில் எதைப் பூசினாலும் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது முகம்

உடல் நிறத்துக்குச் சாட்சியே இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். பிறகு போரில் எதிர்ப்பக்கம் நின்றவரும் அவரே. 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில், சின்ன மருதுவைக் கறுத்த நிறமுடையவர், பார்க்க அழகானவர், பழக இனியவர் என்று எழுதி வைத்திருக்கிறார். தலைவருக்கே அந்த நிறம் என்றால் வெயிலில் நின்ற சிப்பாய்க்கு?

முதலில் சிலை. மனிதனில் ஐந்தில் ஒரு பங்கு அளவு வைத்துக் கொள்வோம். பெரியவர் ஒருவரின் தலை சுமார் 22 செ.மீ. உயரம் இருக்கும். நம் சிப்பாய்க்கு நாலரை செ.மீ. அளவில் தலை. களிமண்ணோடு ஊறிய காகிதக் கூழைப் பிசைந்தால் விரிசல் குறையும். கழுத்துக்குள் ஒரு குச்சி செருகுங்கள், இல்லாவிட்டால் தலை சாய்ந்துவிடும். நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்ததும் வெள்ளை பெயின்ட் ஒரு கோட்.

உடலுக்கு அடர் பழுப்பு, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் காவி மஞ்சள் கலந்து, நீர்மோர் பதத்தில் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்த பிறகே அடுத்த கோட். குழம்பு மாதிரி அப்பினால் மூக்கும் உதடும் மூழ்கிப் போகும்.

சேஷராயர் மண்டபத்துக் கல் வீரர்களிடம் கற்க வேண்டியது இப்போதுதான் வருகிறது. அவர்கள் பெரிய ஆட்கள். வெளிச்சம் பட்டால் கண் குழியிலும் தாடைக்குக் கீழும் நிழல் தானாக விழும். வண்ணமே வேண்டாம். நம் சிப்பாயின் முகமோ எலுமிச்சை அளவு. அதில் நிழல் சரியாக விழாது. அதனால் நிழலையும் நாமே தீட்ட வேண்டும்! கண் குழி, மூக்கின் ஓரம், கீழுதட்டுக்கு அடியில், தலைப்பாகை மடிப்புகளில் நிழல் வரும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன மேடு, தோள் ஆகியவற்றில் வெளிச்சம்.

எல்லோரும் தவறுவது இங்கேதான். நிழலுக்குக் கறுப்பையும் வெளிச்சத்துக்கு வெள்ளையையும் கலப்பார்கள். கறுத்த உடலில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியது போலாகிவிடும், உயிரே இருக்காது. நிழலுக்கு அதே பழுப்பில் கருநீலம் கலக்குங்கள். வெளிச்சத்துக்கு ஆரஞ்சும் காவி மஞ்சளும். சந்தேகமாக இருந்தால் மாலை வெயிலில் அப்பாவின் முகத்தையோ தாத்தாவின் தோளையோ பாருங்கள். எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 'ஸ்கின் கலர்' பென்சில் ஒன்றுதான், தாத்தாவின் தோளில் பத்து நிறம் இருக்கிறது!

கடைசியில் கண். நம் ஊர்ச் சிற்பிகள் எல்லா வேலையும் முடித்த பிறகே கண் திறப்பார்கள். வெளிநாட்டில் பலர் முதலிலேயே கண்ணைத் தீட்டிவிடுகிறார்கள். தப்பானால் சுற்றிலும் உடல் நிறத்தைப் பூசி மறைக்கலாமே என்ற கணக்கு! முதல் தடவை செய்கிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் குருட்டு முகமாக இருந்தது சட்டென்று நம்மைப் பார்க்கும் அந்த நொடி வேண்டுமென்றால், கடைசிவரை பொறுக்க வேண்டும். விழிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், துளி பழுப்பு சேருங்கள். கருவிழி மேல் இமையைத் தொட்டபடி இருக்கட்டும். நடுவில் தனியாக வைத்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பான்!

இமை முடி, ஒவ்வொரு மீசை மயிர் எல்லாம் தீட்ட வேண்டுமா? ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். அவ்வளவு உயரத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்களுக்குக் கீழிருந்து பார்க்கத் தெளிவாகத் தெரியும்படி அழுத்தமான நிறங்களையே பூசுவார்கள். நமக்கும் தூரக் கணக்கு உண்டு. ஐந்தில் ஒரு பங்கு பொம்மையை இரண்டடி தள்ளி வைத்துப் பார்ப்பது, உண்மையான ஆளைப் பத்தடி தள்ளிப் பார்ப்பது போல. நண்பனைப் பத்தடி தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். அவன் முகத்தில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் தீட்டினால் போதும்.

அப்புறம் வளரி? மார்பளவுச் சிலையில் கை இல்லையே! மரம், இரும்பு, யானைத் தந்தம் மூன்றிலும் வளரி செய்திருக்கிறார்கள். ஈர்க்குச்சியை வளைத்து மரப் பழுப்பில் தீட்டி, பீடத்தின் மேல் சாய்த்து வையுங்கள். கொலுவில் பேண்டு வாத்திய செட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள், பாட்டி வேறு பொம்மை வைப்பதற்குள்!