ஒரு கிலோவாட் ஞாயிறு

1982ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து ஓர் ஊர்தி கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. கூரையெங்கும் சூரியத் தகடுகள் பரப்பிய அவ்வூர்தியில் ஒருவர் மட்டுமே அமர இயலும். டென்மார்க்கில் பிறந்த ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் பந்தய ஓட்டுநர் லாரி பெர்க்கின்ஸும் மாறி மாறி அதை ஓட்டினர். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து, புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் அது சிட்னியை அடைந்தது. ஓடிய நேரத்தைக் கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். மிதிவண்டிப் பந்தய வீரர் எளிதில் முந்திவிடுவார். ஒரு துளி பெட்ரோலும் குடியாத அந்தப் பயணத்துக்குப் பொருளுதவி செய்தது பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் என்பதை எண்ணினால் இன்றும் புன்னகை வருகிறது.

அவ்வூர்தியின் தகடுகள் நல்ல வெயிலில் தந்த மின்திறன் ஏறத்தாழ ஒரு கிலோவாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடேறுவதற்கு வாங்கும் திறனும் அவ்வளவே. சிறிய பெட்ரோல் மகிழுந்தின் பொறியோ அறுபது கிலோவாட் வரை தர வல்லது. ஆகவே ஞாயிற்றை மட்டும் நம்பி வண்டி செய்பவன் முன்னுள்ள வினா இதுதான்: இஸ்திரிப் பெட்டிக்குரிய ஆற்றலைக் கொண்டு மனிதனை எவ்வளவு விரைவாகச் சுமந்து செல்லலாம்?

இவ்வினாவுக்கு விடை தேடும் களத்தைத் தோல்ஸ்ட்ரப்பே அமைத்தார். வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடிலெய்டு வரை, கண்டத்தைக் குறுக்கே பிளந்து செல்லும் 3,000 கிலோமீட்டர் பாதையில் 1987இல் உலக சூரிய ஊர்திப் பந்தயம் முதன்முறையாக நடந்தது. காலை எட்டு மணிக்கு ஓட்டம் தொடங்கும். மாலை ஐந்து மணி ஆனதும் வண்டி எவ்விடத்தில் நிற்கிறதோ அவ்விடமே அன்றைய முகாம். செம்மண் பாலையின் ஓரத்தில் கூடாரம் அடிக்குமுன், பந்தயத்தில் கலந்துகொள்ளும் மாணவர்கள் தகட்டைக் கழற்றிச் சாயும் கதிரவன் பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள். பொழுது அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக மின்கலம் நிரம்பும்.

முதற்பந்தயத்தை வென்றது ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர். சராசரி வேகம் மணிக்கு 66.9 கிலோமீட்டர். அதன் உருவாக்கத்தை வழிநடத்தியவர் பால் மெக்ரெடி. மனிதன் தன் கால்களால் மிதித்தே பறக்கும் வானூர்தியை 1977இல் இயக்கிக் காட்டி, 1979இல் அதன் வழித்தோன்றலை ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பறக்கவிட்டவர் அவர். மிகச் சிறிய ஆற்றலில் மிகுந்த பயன் காணும் கலையில் அவரினும் தேர்ந்தவர் அக்காலத்தில் அரிது. ஆற்றலைப் பெருக்க வழி இல்லாதபோது செலவைச் சுருக்குவதே வழி என்று தெளிந்து, நீர்த்துளியை ஒத்த உடலமைப்பைத் தம் குழுவுடன் வடித்தெடுத்தார்.

காற்றுத் தடையின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் தடைவிசை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். 2023ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வென்ற பெல்ஜிய மாணவர்களின் வண்டி மணிக்கு 88.2 கிலோமீட்டர் சராசரியில் ஓடியது. அதன்மேல் விதிப்படி நான்கு சதுரமீட்டர் தகடே உண்டு. திறன் அதே ஒரு கிலோவாட்டை ஒட்டியது. 1982இன் வண்டியை அவ்வேகத்தில் ஓட்ட முயன்றிருந்தால், காற்றை வெல்வதற்கு மட்டுமே ஏறத்தாழ ஐம்பது மடங்கு திறன் வேண்டியிருந்திருக்கும். நாற்பதாண்டுகளில் ஞாயிறு தன் கொடையைக் கூட்டவில்லை. உடலின் காற்றுத் தடையும் எடையும், சக்கரத்தின் உருள்தடையும், மோட்டாரின் விரயமுமே குறைந்தன.

பந்தய வண்டி கிடக்கட்டும், குடும்பத்துக்கு ஆகுமா? வீட்டு மகிழுந்தின் கூரை, முன்மூடி, பின்மூடி அனைத்தையும் தகட்டால் போர்த்தினாலும் ஐந்து சதுரமீட்டருக்கு மேல் தேறாது. உச்சி வெயிலில் ஒரு சதுரமீட்டர்மீது ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது; தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்னாக்கும். பெருக்கிப் பாருங்கள், மறுபடியும் அதே ஒரு கிலோவாட். தமிழகத்து வெயில் நாளொன்றுக்கு ஐந்து மணிநேர முழு வெயிலுக்கு ஈடாகும் எனக் கொண்டால் ஐந்து யூனிட் வரவேண்டும். தகட்டின் வளைவு, படியும் தூசு, மரநிழல், வெப்பம் ஆகியவை போக மூன்று யூனிட் மிஞ்சினால் நன்று. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் மின்மகிழுந்து அதைக்கொண்டு இருபது கிலோமீட்டர் செல்லும். அலுவலகம் போய்வரப் போதும், மதுரைக்குப் போதாது.

பெட்ரோலை இகழ்வது எளிது. அதன் செறிவை மறப்பது முறையன்று. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் உறைந்துள்ளது. அதே அளவைத் தேக்கும் லித்தியம் மின்கல அடுக்கு ஓர் ஆளின் எடை இருக்கும். மேற்சொன்ன மகிழுந்தின் மேனி மூன்று நாள் வெயில் காய்ந்தால்தான் அந்த ஒரு லிட்டருக்கு ஈடுகட்டும். ஆயினும் பெட்ரோல் பொறி அவ்வொன்பதில் கால்பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது புகையாகவும் வெப்பமாகவும் தெருவில் கலக்கிறது. மின்மோட்டாரோ வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தரும். பதினாறு கிலோமீட்டர் செல்ல ஒன்று ஒன்பது யூனிட் கேட்க, மற்றொன்று இரண்டரை யூனிட்டில் மனநிறைவு கொள்கிறது. மின்னூர்தியின் வலிமை இங்கேதான் இருக்கிறது; கூரைமேல் ஒட்டிய தகட்டில் அன்று.

இதை மறந்தவர்களுக்கு நேர்ந்ததும் உண்டு. ஆஸ்திரேலியப் பந்தயத்தின் குடும்ப ஊர்திப் பிரிவில் 2013இல் வென்ற, நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர மாணவர்களுள் சிலர் லைட்இயர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஐந்து சதுரமீட்டர் தகடும் காற்றுத் தடை மிகக் குறைந்த உடலும் கொண்ட அவர்களது மகிழுந்து, கோடையில் நாளுக்கு எழுபது கிலோமீட்டர் வரை ஞாயிற்றாலேயே ஓடும் என்றனர். விலை 2,50,000 யூரோ. 2022 இறுதியில் பின்லாந்தில் உற்பத்தி தொடங்கியது. 2023 ஜனவரியிலேயே நின்றது. அடுத்த மாதம் ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸும் தன் சூரிய மகிழுந்துத் திட்டத்தைக் கைவிட்டது. பொறியியல் அவர்களைக் கைவிடவில்லை, காசு கைவிட்டது.

நம் நாட்டில் இன்னொரு முரணும் காத்திருக்கிறது. வண்டியை நிறுத்த வேப்பமர நிழல் தேடும் மக்கள் நாம். சூரிய மகிழுந்துக்காரரோ நிழல் காலியாக இருந்தும் வெயிலில் நிறுத்த வேண்டும். உள்ளே அடுப்பாய்க் கொதிக்கும். திரும்பி வந்து குளிர்விப்பானை முடுக்கினால், சேர்த்த மின்சாரத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். சிலிக்கன் கலம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சலில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டின் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். 65 பாகைக்குக் காய்ந்த கூரையில் இழப்பு பத்தில் ஒரு பங்கையும் தாண்டும். ஒளியை விரும்பும் தகடு அதனுடன் வரும் சூட்டை விரும்புவதில்லை.

ஆகவே அந்த ஒரு கிலோவாட்டை வண்டியின் தலையிலிருந்து இறக்கி வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றுவதே அறிவுடைமை. அங்கே தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்து நிற்கும், அடியில் காற்றோடும், குண்டும் குழியுமான சாலையில் அதிராது. நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் மகிழுந்து ஓட அது போதும். ஒரே சிக்கல், நேரம் ஒவ்வாமை. தகடு உழைக்கும் பகலில் வண்டி அலுவலக வாசலில் நிற்கிறது. வண்டி வீடு திரும்பும்போது கதிரவன் போய்விடுகிறான். இரவில் செருகினால் வருவது பெரும்பாலும் நிலக்கரி சுட்ட மின்சாரம். பகலில் மாடி விளைத்ததை மின்வாரியக் கம்பியில் விட்டு இரவில் திரும்பப் பெறலாம். கணக்கு நேராகும், கரி எரிவது நிற்காது. பணியிடத்து நிறுத்துமிடங்களுக்கு மேலே தகட்டுப் பந்தல் போட்டால் இச்சிக்கலும் தீரும், நிழலும் கிடைக்கும்.

மகிழுந்தையே பேசிக்கொண்டிருந்தேன். நம் தெருக்களில் ஓடுவனவற்றுள் மிகுதி இருசக்கர வண்டிகள் அல்லவா? மின்சார ஸ்கூட்டர் ஒன்று ஒரு யூனிட்டில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஓடும். வாசற்கதவின் அளவுள்ள ஒரே ஒரு தகடு நாளுக்கு ஒன்றரை யூனிட் விளைவிக்கும். பள்ளிக்குப் பிள்ளையை விட்டு, சந்தைக்குப் போய், வேலைக்கும் சென்று திரும்பிய பின்னும், அந்தக் கதவளவு வெயிலில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.