பத்துக்குப் பத்து

வானத்தில் இரைச்சல் கேட்டதும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சனங்கள் பாய்ந்த இடம் பங்கர். முற்றத்தில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியிருப்பார்கள். ஒரு வீட்டுக்கென்று வெட்டியதில் பக்கத்து வீடும் வந்து இறங்கும். அதற்குள் சண்டை வராதா? குழந்தை வீரிட்டு அழுதால் வரும். முன்னால் நிற்பவர் நகராவிட்டால் வரும். மழைத்தண்ணீர் தேங்கிய நாளில் கேட்கவே வேண்டாம். ஆனால் விமானம் போனதும் மேலேறி அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். கோபமும் கூடவே போய்விடும்.

திண்டுக்கல்லுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஏறிப்போக இடமில்லை.

இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களில் ஒரு பகுதியினர் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தற்காலிகம் என்ற பெயரில் கட்டிய அறைகள். தமிழ்நாட்டு முகாம்களில் பரவலாக இருந்த அளவு பத்தடிக்குப் பத்தடி. அடுப்பு, டிரங்குப் பெட்டி, பாய், பள்ளிக்கூடப் பை எல்லாம் அதற்குள். மகனுக்குக் கல்யாணமானால் குறுக்கே ஒரு சேலையைக் கட்டுவார்கள். அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். மாமியார் எங்கே போவார்? வயதுக்கு வந்த தங்கை?

அடுத்த அறைக்கும் இந்த அறைக்கும் ஒரே சுவர். அதனால் எந்தச் சண்டையும் இரண்டு பேரோடு நிற்பதில்லை. கோபித்துக்கொண்டு நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வரலாமென்றால், முகாமைவிட்டு வெளியூரில் தங்கவே அனுமதி கேட்க வேண்டும். நம் வீடுகளின் பாதிச் சண்டையை ஆற்றும் வைத்தியம் இவர்களுக்குக் காகிதத்தில் மாட்டிக்கொண்டது. முகாம்காரர்கள் முரடர்கள் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அறைகள் மட்டும் அப்படியே இருந்தன. 2021 ஆகஸ்டில்தான் தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தது. 2022 செப்டம்பரில் இந்த மூன்று முகாம் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் ரூ.17.17 கோடியில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 300 சதுர அடி. நடுவே சேலைக்குப் பதில் சுவர். அந்தச் சுவரின் அருமை புதிதாகக் கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் முந்நூறு சதுர அடி எத்தனை நாளைக்கு? முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். வெளியே நிலம் வாங்கலாமென்றால் இந்தியக் குடியுரிமை கேட்பார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பெயர் சொல்லும் நாடுகள் மூன்று: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை அதில் இல்லை.