மலை ஏரிக்கரையில் ஒரு விடுதி

ஒரு பொதுச் சொத்தை யார் கட்டினார்கள் என்பதைவிட, அதை யார் காத்தார்கள், அதன் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பனவே பெரிய கேள்விகள். சங்கக் கட்டடத்தை எழுப்பி நிர்வகித்து வரும் அங்கத்தினர்கள் இதனை நன்கு அறிவார்கள். தொலைதேசத்து விடுதி ஒன்றின் வரலாற்றை இங்கு நாம் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, கிளேசியர் தேசியப் பூங்கா அமைந்திருக்கிறது. அங்கே ஸ்விஃப்ட்கரன்ட் ஏரிக்கரையில், மலைகள் சூழ நிற்கும் மரக்கட்டடமே மெனி கிளேசியர் ஹோட்டல். பனியாறுகள் பல உள்ள இடம் என்பதே அப்பெயரின் பொருள்.

அந்நிலம் முன்னர் பிளாக்ஃபீட் என்னும் பழங்குடி மக்களுடையது. 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அரசாங்கம் அதனை 15 லட்சம் டாலருக்குப் பெற்றது. உலோகம் தேடிச் சுரங்கக்காரர்கள் திரண்டு வந்தார்கள். எதிர்பார்த்த செல்வம் கிட்டாமல் கலைந்து போனார்கள். 1910இல் பூங்கா ஏற்பட்டது. உடன்படிக்கை தந்த வேட்டை உரிமையும் மரம் வெட்டும் உரிமையும் அதன்பின் மறுக்கப்பட்டன என்னும் மனத்தாங்கல் அம்மக்களிடம் நெடுங்காலம் நிலைத்தது. ரயில்வே கம்பெனியின் விளம்பரங்களிலோ அவர்களுடைய படங்களே முன்னின்றன.

கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தலைவர் லூயி ஹில், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளைக் காணச் செல்லும் செல்வர்களின் பணம் உள்நாட்டிலேயே தங்க வேண்டுமென எண்ணினார். சுவிட்சர்லாந்துப் பாணியில் 1914இல் தொடங்கிய கட்டடம் 1915 ஜூலை 4ஆம் தேதி திறக்கப்பட்டது. கட்டுமானத்துக்கு வேண்டிய மரமும் கல்லும் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே கிடைத்தன. ரயிலிலிருந்து இறங்கியபின் மலைப்பாதையில் இன்னும் பல மைல் செல்லவேண்டியிருந்தது. நேரமும் பொருளும் படைத்தவர்களுக்கே அப்பிரயாணம் எளிதாயிற்று.

வேலை முடிந்தும் மர அறுப்பு ஆலையைக் கம்பெனி அகற்றாமல் காலம் கடத்திற்று. தேசியப் பூங்கா இலாகாவின் முதல் தலைவரான ஸ்டீபன் மேதர், 1925 ஆகஸ்டு 10ஆம் தேதி அவ்வாலையை வெடி வைத்துத் தகர்த்தார். பொதுநிலத்தில் ஒரு கம்பெனிக்குள்ள இடம் எவ்வளவு என்பதை அவ்வோசை அறிவித்தது.

1936 ஆகஸ்டு முடிவில் காட்டுத்தீ மலைக்கணவாயைத் தாண்டி வந்தது. அருகிலிருந்த குடில்கள் பல எரிந்தன. ஊழியர்கள் கூரையை நனைத்துப் போராடி விடுதியைக் காத்தார்கள். விடுதி பிழைத்தது என்று கம்பெனிக்குத் தந்தி போனதாகவும், ‘ஏன்?’ என்ற ஒரு சொல்லே பதிலாய் வந்ததாகவும் இன்றும் கதை வழங்குகிறது. 1933இல் மலையைக் கடக்கும் மோட்டார் சாலை திறப்பு விழாக் கண்ட பிறகு, சொந்த வண்டியில் வருவோர் பெருகினர். ரயில் கம்பெனியின் ஆர்வமோ குன்றிற்று.

1957இல் கடைக்கு இடம் வேண்டி, முன்கூடத்தின் அழகிய சுழல் படிக்கட்டு நீக்கப்பட்டது. பழுது மிகுந்து, 1996இல் நாட்டின் அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் விடுதி இடம் பெற்றது. பின்னர் ஆண்டுக்கணக்காகப் பழுதுபார்க்கும் பணி நடந்தது. 2017இல் சுழல் படிக்கட்டும் மீண்டது. இன்று கட்டடம் அரசுடைமை. தனியார் கம்பெனி ஒப்பந்த முறையில் நடத்துகிறது.

இருநூறுக்கும் மேற்பட்ட அறைகள் உள்ள இவ்விடுதி கோடையில் மட்டுமே திறந்திருக்கும். பாப் என்னும் சிற்றூரிலிருந்து சுமார் 12 மைல் சாலை உண்டு. அறை வாடகை எளியோருக்கு எட்டாதது. எனினும் பூங்காவின் நுழைவுக் கட்டணம் செலுத்தியவர், அறை எடுக்காமலே முன்கூடத்தில் அமரலாம், ஏரிக்கரையில் உலாவலாம். முழுமையான சமத்துவம் இதுவன்று. ஆயினும் 1915இல் திறந்த கதவைவிட இது அகலமானது.

பெயருக்குக் காரணமான பனியோ குறைந்து வருகிறது. பூங்காவில் 1966இல் 35ஆக இருந்த பெயர் பெற்ற பனியாறுகளுள், அளவிற்சிறுத்துக் கணக்கினின்று நீங்கியவை போக, 2015இல் 26 மட்டுமே எஞ்சின. படிக்கட்டை மனிதர் திரும்பக் கட்டினார்கள். பனியாற்றைக் கட்டித்தர எந்தத் தச்சராலும் இயலாது.

கட்டியவர் கைவிட்டபோதும், உழைத்தவர் கைவிடவில்லை. அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தின் கூரையையும் கதவையும் நோக்கும்போது இதனை நினைவிற் கொள்வார்களாக.